விளக்கில்லாமல் நடந்தவள்

“நவம்பர், செவ்வாய். தேரா, கடை. காலை பத்தரை. அவளிடமிருந்து ஒரு படம்: ஊர் அறிவிப்புப் பலகை. கேக் விற்பனைக்கும் காணாமல் போன பூனைக்கும் நடுவே கையால் எழுதிய புதுத் தாள். ‘விடியுமுன் கறுப்பு உடையில் நடப்பவருக்கு: இது இப்படியே தொடர முடியாது. போன வாரத்தில் மட்டும் இரண்டு தடவை. அடுத்த தடவை தப்புவது கஷ்டம்.’ கையெழுத்து இல்லை. தேதியும் இல்லை.”

என் நாட்குறிப்பில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். தாள் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழ் என்னுடையது. தேதி போடாத காகிதத்தைக் கண்டால் எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு. அன்று அது உறுத்தலோடு நிற்கவில்லை. கறுப்பு உடையில் நடப்பவர் என் மனைவி.

துபாயில், தேராவின் மசாலா சந்தையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சரக்கு எழுதும் வேலை எனக்கு. அவள் ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் இருந்தாள். பிறகு இங்கிலாந்தில் முதியவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. கணவனை அழைத்துக்கொள்ள விதி இடம் தரவில்லை. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று முடிவு செய்து விமானம் ஏற்றி அனுப்பினேன். பெரிய நகரமாக இருக்கும் என்று நினைத்தோம். போய்ச் சேர்ந்த இடம் ஒரு தேவாலயம், ஒரு குளம், வாரத்தில் சில நாள் மட்டும் திறக்கும் ஒரு மதுக்கடை, நாற்பதோ ஐம்பதோ வீடு.

அந்த ஊரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எங்கே கல் சுவர் முடிந்து வேலி தொடங்குகிறது என்று சொல்வேன். சிவப்புத் தொலைபேசிக் கூண்டில் தொலைபேசி கிடையாது, பழைய புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன என்பது தெரியும். தேவாலயக் கோபுரம் எப்போது கட்டியது, குளம் எதற்கு வெட்டியது என்றெல்லாம் தேடிப் படித்து வைத்திருந்தேன். மற்றதெல்லாம் அவள் சொன்னது.

“மச்சான், இங்க குதிரைக்குக் கோட்டு மாட்டி விட்டிருக்காங்க.”

“குளிருக்குத்தானே.”

“நம்ம ரூம்ல உங்களுக்கு ஒரு கம்பளி இருந்துச்சா? குதிரையா பொறந்திருக்கலாம் நீங்க.”

அவளுடைய அறை ஊரின் ஒரு முனையில், மூடிப்போன ஒரு கடைக்குப் பின்னால். அவள் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் பண்ணை வீடு மறுமுனைக்கும் அப்பால். நடுவில் இருபுறமும் ஆளுயர முள்செடி வேலி அடைத்த குறுகிய சாலை. அவள் அதை எங்கள் ஊர் வழக்கில் முடுக்கு என்பாள். நடைபாதை இல்லை. தெருவிளக்கு ஒன்றுகூட இல்லை. பெரியவரை எழுப்பி மாத்திரை கொடுக்க வேண்டும் என்பதால் ஆறரைக்கு நடக்கத் தொடங்குவாள். நவம்பரில் அங்கே ஏழு மணிக்கும் இருட்டு.

ஆறரை என்றால் எங்களுக்குப் பத்தரை. சந்தையில் வெயில் ஏறி, தள்ளுவண்டிகள் “யல்லா, யல்லா” என்று அவசரப்பட்டு முட்டிக்கொள்ளும் நேரம். நான் காதில் கருவியைச் செருகிக்கொண்டு ஏலக்காய் மூட்டை எண்ணுவேன். காதுக்குள் அவள் செருப்புச் சத்தமும் மூச்சும் கேட்கும். இங்கே எல்லாச் செயலியிலும் அழைப்பு எடுபடாது. அதற்கென்று மாதச் சந்தா கட்டும் ஒரு செயலி வைத்திருந்தோம். முடுக்கின் நடுவில் சாலை பள்ளத்தில் இறங்கும். அங்கே சிக்னல் கிடையாது. “பள்ளத்துல இறங்குறேன் மச்சான்” என்பாள். சத்தம் அறுந்துவிடும். ஒரு தேநீர் ஆறும் நேரத்தில் மேடேறி மறுபடி அழைப்பாள். அந்தத் தேநீரை நான் ஒருநாளும் ருசித்துக் குடித்ததில்லை.

தாளின் படம் வந்த அன்று அதைக் கடையின் மூத்த கணக்கரிடம் காட்டினேன். எங்கள் ஊர்க்காரர். அண்ணன் முறைக்கு எங்கள் பக்கத்தில் காக்கா, அப்படித்தான் கூப்பிடுவேன்.

“யாரோ மிரட்டுறான்,” என்றேன்.

“மிரட்டுறவன் பலகையில ஒட்டுவானா தம்பி? ஊரே படிக்கிற இடத்துல?”

“பேரு போடலையே காக்கா.”

“பேரு போட்டா மட்டும் நீ போய்ப் பார்த்துட்டு வரப்போறியாக்கும். புள்ளைய விளக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லு.”

அதை மட்டும் நான் சொல்லவில்லை. முதல் நாளே விளக்கு வேண்டாம் என்று சொன்னவன் நான். வெளிச்சம் வைத்துக்கொண்டு போனால் தூரத்திலிருந்தே ஒரு பெண் தனியாக வருவது தெரியும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லி வளர்ப்பார்கள்: இருட்டில் போக நேர்ந்தால் யார் கண்ணிலும் படாதே, யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காதே. அவள் பர்தாவும் கறுப்பு, தேராவில் நான் வாங்கிக் கொடுத்த குளிர்கோட்டும் கறுப்பு. தாளைப் படித்த பிறகு இன்னும் இறுக்கினேன். ஃபோன் திரையைக்கூட அணைத்துக் கோட்டுக்குள் போட்டுக்கொள், வேலியோடு ஒட்டி நட என்றேன்.

“வேலி முள்ளு மச்சான்.”

“முள்ளு குத்தினா பரவாயில்ல.”

“குத்துறது எனக்கு. பரவாயில்ல உங்களுக்கு,” என்றாள். ஆனால் சொன்னபடி செய்தாள்.

அடுத்து வந்த வியாழன். பத்தரை தாண்டியிருந்தது. அவள் பள்ளத்தை நெருங்கும்போது நடை நின்றது.

“பின்னால ஒரு வண்டி மச்சான்.”

“ஒதுங்கி நில்லு. வேலிக்குள்ள போயிரு.”

“ரொம்ப வேகமா...”

இரைச்சல் ஒன்று காதை அடைத்தது. அதன்பின் ஒன்றுமில்லை.

வழக்கமான தேநீர் ஆறியது. மறுபடி அழைத்தேன். அவளுடைய ஃபோன் அணைந்திருப்பதாகச் சொல்லும் குரல் வந்தது. பள்ளத்தில் இருந்தால் இப்படிச் சொல்லாது, வேறு மாதிரி சொல்லும். எனக்கு இரண்டும் தெரியும். மூட்டையில் எழுதிக்கொண்டிருந்த எண் சாக்கின் மேல் நீளக் கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. காக்கா பேனாவை வாங்கி வைத்தார்.

“போலீஸுக்குப் போடு,” என்றார்.

எந்தப் போலீஸுக்கு? இங்கே அவசர எண் 999. அங்கேயும் அதே 999. நான் அழுத்தினால் எடுப்பது இங்கே இருப்பவர்கள். பண்ணை வீட்டுப் பெரியவருக்குக் காது கேட்காது, தொலைபேசியை எடுக்க மாட்டார். அவளுடைய அலுவலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். இத்தனை நாளாக அந்த ஊரைப் பற்றி எழுதி வைத்திருந்தேன், பேசுவதற்கு அங்கே ஒரு மனிதர் எனக்கு இல்லை.

அப்போது செவ்வாய்க்கிழமைப் படம் நினைவுக்கு வந்தது. பலகையின் மூலையில் ஊர்க் கூடத்தை விசேஷங்களுக்கு வாடகைக்கு எடுக்க ஓர் எண் இருந்தது. படத்தைப் பெரிதாக்கி, காக்கா படிக்க, நான் அழுத்தினேன். வெகுநேரம் மணி அடித்தது. தூக்கத்திலிருந்து எழுந்த ஒரு மூதாட்டியின் குரல்.

மன்னிப்புக் கேட்டு, துபாயிலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கினேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். “என் மனைவி முடுக்கில் நடந்து போனாள், கறுப்பு உடை” என்று சொன்னதும் மறுமுனையில் மூச்சு மாறியது.

“அந்த ஆள் உங்கள் மனைவியா?”

ஊரில் அவளைப் பகலில் எல்லோருக்கும் தெரியுமாம். நீலச் சீருடையில் பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு, எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லும் பெண். விடியுமுன் முடுக்கில் சத்தமில்லாமல் ஒதுங்கும் கறுப்பு உருவம் வேறு யாரோ என்று நினைத்திருக்கிறார்கள். சில வாரமாகத் தானும் அந்தப் பக்கம் நாயைக் கூட்டிப் போவதில்லை என்றார். நான் அவர்களைப் பற்றிப் பயந்துகொண்டிருந்த அதே மணியில் அவர்கள் என் மனைவியைக் கண்டு பயந்திருக்கிறார்கள்.

மேற்கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறுத்து அழையுங்கள் என்றார். அந்த நேரத்தில் ஓர் ஈரானிய வாடிக்கையாளர் வந்து குங்குமப்பூவை முகர்ந்து பார்த்து, விலை கேட்டு, போய்விட்டார். அவர் என்ன கேட்டார், காக்கா என்ன சொன்னார், எதுவும் என் நாட்குறிப்பில் இல்லை.

மறுபடி அழைத்தேன். மூதாட்டி மூச்சு வாங்கியபடி எடுத்தார். பள்ளம் வரை போய் விளக்கடித்துக் கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் இல்லை என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு இரண்டு விஷயங்கள் தோன்றின. முதலாவதை எழுத மாட்டேன். இரண்டாவது, அவள் அங்கேதான் இருக்கிறாள், குரல் கொடுக்காமல் இருக்கிறாள்.

“அம்மா, நான் ஒரு வார்த்தை சொல்கிறேன். அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்,” என்றேன். “மச்சான் அனுப்பினாங்க.”

“மச்... அதற்கு என்ன அர்த்தம்?”

“என் கணவர் அனுப்பினார் என்று அர்த்தம்.”

“மச்சா. அனு. பூனாங்கா.”

“மச்சான்.”

“மச்சான் அனுபுனாங்க,” என்றார். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போவது கதவு சாத்தும் வரை கேட்டது.

காக்கா என் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்து உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். நான் ஓதக்கூட முடியாமல் இருந்தேன். வெளியே சந்தையில் அத்தனை வெளிச்சம். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

மூன்றாவது முறை அழைத்தபோது எடுத்தது அவள்.

“மச்சான்.”

“அடி ஏதும் பட்டுச்சா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. கால் பெரண்டுருச்சு. ஃபோன் சாக்கடைத் தண்ணிக்குள்ள. இந்தம்மா டீ போட்டுக் குடுத்திருக்காங்க, பால் ஊத்தி, சீனி இல்லாம.” பிறகு குரல் உடைந்தது. “வெள்ளைக்காரி வந்து மச்சான்கிறா. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு நெனச்சேன்.”

அழுது முடித்து அவள் சொன்னது இது. வண்டி உரசினாற்போல் வந்ததும் வேலிக்குள் பாய்ந்திருக்கிறாள். அதன் கீழே சாக்கடை இருப்பது தெரியவில்லை. வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. எஞ்சின் அணையவில்லை. கதவு திறந்தது. ஒரு கைவிளக்கின் வெளிச்சம் வேலி நெடுக மெதுவாக வந்தது. பூட்ஸ் சத்தம். தலைக்கு மேலே வந்து நின்றது. ஆள் எதுவும் பேசவில்லை. இவள் கோட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தாள். வெளிச்சம் திரும்பிப் போனது. வண்டியும் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வெளிச்சம் வந்தபோது அதே ஆள் திரும்பி வந்துவிட்டான் என்றே நினைத்திருக்கிறாள். பெண் குரல் கூப்பிட்டும் நம்பவில்லை.

“நீங்கதானே சொன்னீங்க, யாரு கூப்பிட்டாலும் வாயத் தொறக்காதேன்னு.”

“ஆமா,” என்றேன்.

அந்த மூதாட்டி பிறகு ஊரில் விசாரித்தார். தாளை எழுதியது பால் வண்டிக்காரராக இருக்கலாம், இருட்டில் இரண்டு முறை அவளை இடிக்க இருந்து மயிரிழையில் தப்பியதில் பதறிப்போய் எச்சரிக்கை செய்திருப்பார் என்பது அவர் யூகம். காக்காவும் அதைத்தான் சொல்கிறார். இறங்கி விளக்கடித்துப் பார்த்தவரும் அடிபட்டதோ என்று தேடிய நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் பால் வண்டிக்காரரைக் கேட்டபோது, அன்று காலை வேறு வழியாகப் போனேன், தாள் எதுவும் எழுதவில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் பலகையில் தாள் இல்லை, குண்டூசி மட்டும் இருந்தது.

தேராவில் கட்டட வேலைக்காரர்களுக்குத் துணி விற்கும் கடையில் மஞ்சள் மேலங்கி ஒன்று வாங்கி அனுப்பினேன். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகள் உள்ளது. பர்தாவுக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். சைட் போர்மேன் மாதிரி இருக்கிறேன் என்கிறாள். ஊர்க்காரர்கள் வண்டியை மெதுவாக்கிக் கையசைக்கிறார்கள். இப்போது அவளை எல்லோருக்கும் தெரிகிறது. வேலிக்குப் பின்னால் யாராவது நின்றால், அவருக்கும் தெரியும். பத்தரை மணிக்கு என் தேநீர் இப்போதும் ஆறித்தான் போகிறது.

வியாழக்கிழமைக் குறிப்பின் கீழே ஓரிடம் காலியாக விட்டிருக்கிறேன். தாளை எழுதியவர் யார், அன்று முடுக்கில் முதலில் வந்த கைவிளக்கு யாருடையது, இரண்டும் ஒருவர்தானா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதியாகவில்லை.