எனக்கும் சேர்த்து அக்கா செய்த டெஸ்ட்

2009ஆம் ஆண்டு கோடையில், லண்டன் சட்டனில் இருக்கும் என் அக்கா வீட்டில் நடந்தது இது. அவளுடைய மகளின் பிறந்தநாள் விருந்துக்கு, மனோர் பார்க்கிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி நானும் கணவரும் போயிருந்தோம்.

அக்கா என்று சொன்னாலும் நாங்கள் இரட்டையர். எனக்குச் சற்று முன்னால் பிறந்துவிட்டாள், அவ்வளவுதான். முகம், குரல், நடை எல்லாம் ஒரே அச்சு. ஆனால் அவளுக்கு வாய்த்தது தோட்டத்தோடு சொந்த வீடு, எனக்குக் கடைக்கு மேலே வாடகை பிளாட். அத்தான் சொந்தத் தொழில் செய்தார். நான் சூப்பர்மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே முகத்தோடு இன்னொருத்தி எப்போதும் ஒரு படி மேலே நிற்பது எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்குப் புரியாது. கண்ணாடியில் தெரிபவள் நம்மைவிட நல்ல சேலை கட்டியிருப்பது போல இருக்கும்.

அன்றைக்கு அவள் மெலிந்து வேறு இருந்தாள். வந்தவர்களெல்லாம் அதையே விசாரித்தார்கள். "டயட் ஒண்டுமில்லை, தானாக் குறையுது" என்று அவள் சிரித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

கேக் வெட்டி முடிந்ததும் அத்தான் ஒரு புதுச் செய்தி சொன்னார். எச்சிலைக் குழாயில் அடைத்து அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினால், டிஎன்ஏவைப் பார்த்து எந்தெந்த நோய் வரக்கூடும் என்று கம்ப்யூட்டரில் காட்டுவார்களாம். அக்கா அனுப்பி, ரிசல்ட்டும் வந்துவிட்டது.

"சீனி வருத்தம் வாற சான்ஸ் மற்ற ஆக்களைவிடக் குறைவாம்" என்று நீரிழிவைப் பற்றிச் சொன்னாள் அக்கா. "மறதி வருத்தம் மட்டும் கொஞ்சம் கூடவாம்."

உடனே அத்தானின் சொந்தக்கார மாமி ஒருவர் என்னைப் பார்த்தார். "அப்ப உமக்கும் உதுதானே பிள்ளை? ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தமெல்லே."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "வீட்டுத் திறப்பை எங்க வச்சனீர் எண்டு ஞாபகம் இருக்கோ?" என்று சாவியை வைத்து யாரோ பகிடி விட, பெரிய சிரிப்பு. நான் எந்தக் குழாயிலும் துப்பவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஆனால் என் உடம்பின் விஷயம் கேக்கோடு சேர்த்துப் பரிமாறப்பட்டுவிட்டது.

அதைவிட உறைத்தது வேறொன்று. எனக்கு ஒரு வருடமாக நீரிழிவு. கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மாத்திரையும் ரத்தம் பார்க்கும் சின்ன மெஷினும் எப்போதும் கைப்பையில் இருக்கும். ஒரே ரத்தமாம்! அதிலும் நல்ல ரிசல்ட் அவளுக்கு, வியாதி எனக்கா?

அங்கே நிற்கப் பிடிக்காமல், தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அக்காவும் வந்தாள். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள். இன்னொன்று. மறுபடியும் ஒன்று. டாய்லெட்டுக்கு ஓடிப் போய் வந்து, திரும்பவும் பைப்பைத் திறந்தாள். எனக்குத் திக்கென்றது. வியாதி தெரியவருவதற்கு முன் நானும் இப்படித்தான் குடித்தேன். நானும் இப்படித்தான் மெலிந்தேன்.

"அக்கா, டொக்டரிட்டப் போய் ஒருக்கா சுகர் பார்."

"உனக்கு விசரே? இப்பதானே சொன்னனான், எனக்கு உது வராது."

"சான்ஸ் குறைவெண்டுதானே சொன்னவங்கள். வராதெண்டு சொல்லேல்லையே."

"நான் கொஞ்சம் நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காது. சின்னனில இருந்தே உனக்கு என்னில எரிச்சல்."

உண்மைதான். ஆனாலும் கைப்பையைத் திறந்து மெஷினை எடுத்து மேசையில் வைத்தேன்.

"எனக்கு இருக்கு. ஒரு வருசமா."

அவள் மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள். புது ஊசி மாற்றிக் குத்தினேன். இலக்கம் வரவில்லை, எச், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் வந்தன.

"ஹாய் எண்டு சொல்லுது" என்று சிரிக்கப் பார்த்தாள்.

அது ஹாய் இல்லை, 'ஹை' என்பதன் சுருக்கம். அளக்க முடியாத அளவுக்குச் சீனி ஏறினால் மெஷின் அப்படித்தான் காட்டும். கேக் தொட்ட கையோ என்று நன்றாகக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தேன். அதே எழுத்துகள்.

அந்த நொடியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பயம் வருவதற்கு முன்னால், எனக்குள் ஒரு சந்தோஷம் வந்து போனது. 'அவளுக்கும்' என்று மனசு சொன்னது. அடுத்த நொடி அத்தானைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

விருந்தை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டொக்டர். அத்தான் அந்த ரிசல்ட்டைப் பற்றிக் கேட்டதற்கு, அது பொதுவான ஒரு கணக்கு, இவருடைய ரத்தத்தில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார்.

டிரிப் ஏறிக்கொண்டிருந்த கையால் அக்கா என் கையைப் பிடித்தாள். "எனக்கேனடி சொல்லேல்லை?"

"நீ மட்டும் என்னைக் கேட்டிட்டே எல்லாருக்கும் சொன்னனி?"

அக்கா குணமாகி வீட்டுக்கு வந்ததும், தன் விவரங்களை அழித்துவிடும்படி அந்தக் கம்பெனிக்கு எழுதினாள். அழித்தார்களா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பொறாமை எனக்கு முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அன்று ஒரு நொடி எனக்குள் எட்டிப் பார்த்தவளை நான் கண்டுவிட்டேன். அவளை அக்கா ஒருநாளும் காணக் கூடாது என்பதற்காகவே, எரிச்சல் தலைதூக்கும் போதெல்லாம் முதல் வேலையாக அக்காவுக்குப் போன் எடுத்துச் சுகம் கேட்கிறேன்.