சென்சாருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். பின் பம்பரில், பின்னால் ஏதாவது நின்றால் கத்துகிற நான்கு வட்டச் சென்சார்களும் பொட்டுக்கென்றே செய்தவை போலத் தெரிந்தன. அவற்றிலும் தாராளமாக அப்பினேன்.

மறுநாள் ரிவர்ஸ் போட்டாலே ஓயாத அலறல். பின்னால் ஈ, காக்கை கூட இல்லை. வண்டியே போச்சு என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் எனக்குள் இருந்த மெக்கானிக் விழித்து, சென்சார் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

அன்று சாயங்காலம் நிம்மதியாகப் பின்னால் எடுத்தேன்.

"ஐயோ தம்பி, நிறுத்துங்க!"

பக்கத்து வீட்டு கல்யாணி அக்கா ரோட்டில் குறுவை நெல்லைக் காயவைத்து, குனிந்து துழாவிக்கொண்டிருந்தார். அவருக்கும் பம்பருக்கும் ஒரு சாண்தான். பிரேக்கை மிதித்து இறங்கி, ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்ததும் அவரேதான்.

மன்னார்குடி மெக்கானிக் ஒயரை மாட்டி, சென்சார்களை ஈரத்துணியால் துடைத்தார். அலறல் நின்றது. "கண்ணுல சந்தனத்த அப்பிட்டு, கத்துதுன்னு கழுத்தையும் நெறிச்சிருக்கீங்களேண்ணே!"

இப்போது பொட்டு நம்பர் பிளேட் ஓரத்தில் மட்டும். இறங்கிப் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் போடுவதில்லை. ஆனாலும் என் கார் கிளம்பும் சத்தம் கேட்டாலே, அக்கா நெல்லை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறார். அந்தப் பயத்தைத் துடைக்க என்னிடம் துணி இல்லை.