இருமத் தெரியாதவரின் வழக்கு

மனு எழுதுவது லேசு. மனுவில் எழுதியபடி நோயாளியை நடந்துகொள்ள வைப்பதுதான் பெரும்பாடு.

எனக்கு ராத்திரி உத்தியோகம், விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் கவுண்டரில். பகலில் மனு எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. சட்டம் படித்தது பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்களில். சாவி கேட்டு ஆள் வராத நேரத்தில் பக்கம் பக்கமாக. தூக்கம் பிடிக்காத உடம்பு. சும்மா உட்கார்ந்தால் வேண்டாததெல்லாம் நினைவுக்கு வரும், அதனால் படித்தேன், அவ்வளவுதான். அரசாங்க ஆபீஸ் பெஞ்சில் ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்க" என்பதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் எனக்குச் சொந்தம். முனுசாமி அண்ணன் விஷயத்தை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

ஃபெயிலாகாத ஆள்

முனுசாமி அண்ணன் ஒரு காலையில், நான் டூட்டி முடித்துக் கிளம்பும்போது வந்தார். லாட்ஜ் வாசலில் ஐந்தே படி. மூன்றாவதில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மீதி இரண்டை ஏறினார். பழைய ரயில் பெட்டிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் பதினோரு வருசம் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டிச் சுவருக்குள் சூடு தடுக்க அடைத்திருந்த வெள்ளைப் பஞ்சைக் கையால் பிய்த்து எடுப்பது அவர் பங்கு. பஞ்சு என்பது அவர்களாக வைத்த பேர். அது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அந்தத் தூசி படிந்து நுரையீரல் தழும்பேறிவிட்டது, இனி பழையபடி ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

வேலையால் வந்த நோய்க்கு நஷ்டஈடு உண்டு. சட்டத்தில் இருக்கும் நோய்ப் பட்டியலில் கல்நார்த் தூசி நோயும் இருக்கிறது. கிடைத்தால் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வாங்கி வைக்கலாம். அஞ்சலை அண்ணி கரும்பு வெட்டப் போகாமல் புருசன் பக்கத்தில் இருக்கலாம். "ஆதாரம் ஏதாவது வெச்சிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டேன். மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். கம்பெனி டாக்டர் வருசா வருசம் கொடுத்த மெடிக்கல் சான்றிதழ்கள். பதினொன்று. எல்லாவற்றிலும் "ஃபிட்" என்று சீல். எதிர்த்தரப்பு வக்கீல் தேடி அலைய வேண்டிய காகிதத்தை நம்ம ஆளே பூச்சி அரிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறார். கவுண்டர்மேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பிவிட்டுச் சொன்னார்:

"பாத்துக்கோங்க ரைட்டரே, ஒரு வருசம்கூட நான் ஃபெயிலானதில்ல."

ஓமமும் அரை மூச்சும்

அந்தச் சீல்கள் எப்படி விழுந்தன என்பதைக் காதர் பாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோட்டக்குப்பத்துக்காரர். அதே கம்பெனியின் பெட்டி பிரிக்கும் யார்டில் ஒரு வருசம் ஸ்டோரில் இருந்தவர். மெடிக்கலில் இருமினால் கேட் பாஸ் புதுப்பிக்க மாட்டார்கள். கேட் பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை. அதனால் மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்பே கேண்டீன் பின்புறம் பயிற்சி நடக்குமாம். ஆசான் நம்ம முனுசாமி அண்ணன். ஓமத்தைக் கடைவாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். வெந்நீர் தவிர எதுவும் குடிக்கக் கூடாது. "மூச்சை இழு" என்று டாக்டர் சொன்னால் பாதிதான் இழுக்க வேண்டும், தோளை மட்டும் முழுசாகத் தூக்க வேண்டும். தொண்டை அரித்தால் கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்த வேண்டும்.

நாற்பது பேர் வரிசையில் ஒரு செருமல் கேட்காதாம். சாட்சி சொல்ல வருகிறேன் என்று ஒத்துக்கொண்ட காதர் பாய், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"டாக்டரு காரு கேட்டைத் தாண்டினதும் அத்தினி பேரும் ஒண்ணா இருமுவானுங்க ரைட்டரே, கேண்டீன்காரரு ஓடியாந்து 'எவன்டா மொளகா வறுக்கறது'ன்னு கேட்டாரு."

கஞ்சித் தூக்கு

நமக்கு வக்கீல் திண்டிவனத்தில், மருந்துக்கடை மாடியில். கெட்டிக்காரம்மா, வளவளவென்று பேச மாட்டார். "அது கல்நாரே இல்லைன்னு கம்பெனி சொல்லுது. யார்டையும் மூடியாச்சு. நீங்க பிய்ச்சது கல்நார்தான்னு எதை வெச்சு ருசுப்படுத்தறது?" என்றார். முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அஞ்சலை அண்ணி அண்ணனுக்காகச் சுடுகஞ்சி கொண்டுவந்திருந்தார். தூக்குவாளியைச் சுற்றியிருந்த தடித்த பிடிதுணியை அவிழ்த்து, "அந்தப் பஞ்சுதானே வேணும்?" என்று மேஜைமேல் வைத்தார். யார்டிலிருந்து அண்ணன் கொண்டுவந்ததைப் பழைய புடவைத் துணிக்குள் வைத்துத் தைத்திருக்கிறார். கைக்குச் சூடே தெரியாதாம். ஓரத்தில் தையல் விட்டு வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தது. வக்கீலம்மா நாற்காலியோடு ஜன்னலுக்குப் போய்விட்டார். அங்கிருந்தபடியே, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், இனி யாரும் தொடாதீர்கள் என்று உத்தரவு. அண்ணி கட்டிக்கொண்டே கேட்டார்:

"பதினோரு வருசமா இத்தப் புடிச்சித்தான் கொழம்பு எறக்கறேன், இன்னிக்குத்தான் உங்களுக்கு பயம் வருதாங்கம்மா?"

நல்லா இருக்கேன்

பரிசோதனை முடிவு வந்தது. கல்நார்தான். அடுத்து முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் மருத்துவக் குழு. எத்தனை சதவீதம் முடியாதவர் என்று அவர்கள் எழுத வேண்டும். அந்தக் காகிதம் சரியாக வராவிட்டால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். முந்தின நாள் போனில் மூன்று தடவை சொன்னேன்: "உள்ளதை உள்ளபடி சொல்லுங்கண்ணே. இருமல் வந்தா இருமுங்க." சரி சரி என்றார். காலையில் பார்த்தால் முகச்சவரம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து நிற்கிறார். கன்னம் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. கேட்கவே வேண்டாம், ஓமம்.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் அவர் உடம்பு பழைய வரிசைக்குப் போய்விட்டது. தோள் முழுசாக ஏறியது, மூச்சு பாதி. "எப்படி இருக்குங்க ஐயா?" "நல்லா இருக்கேன் மேடம்." டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் மாட்டி, வராந்தாவின் கோடிவரை போய் வரச் சொன்னார். அண்ணன் பரேடு மாதிரி போனார். திரும்பி வரும்போது உதடு கறுத்து, ஒரு கை சுவரில். கிளிப்பில் எண் சரசரவென்று இறங்கியிருந்தது. "இப்ப?" என்றார் டாக்டரம்மா. "நல்... லா..." என்று அண்ணன் ஆரம்பித்தார். கதவோரம் என்னோடு நின்ற அஞ்சலை அண்ணிக்குப் பொறுக்கவில்லை:

"அப்ப ராத்திரி பூரா குந்திக்கினே தூங்கறது யாரு, எதிர்வூட்டுக்காரனா?"

காட்டட்டுங்களா

மருத்துவக் குழுவின் காகிதம் சரியாகவே வந்தது. விசாரணைக்கு நாள் குறிப்பதற்குள் காதர் பாய் விசா கிடைத்து துபாய் போய்விட்டார். வரிசையில் நின்ற மற்றவர்கள் வேறு யார்டுகளில் இன்னும் கேட் பாஸுக்கு நிற்பவர்கள், சாட்சிக்கு வர மாட்டார்கள். பொய்ச் சீல்களின் ரகசியத்தைச் சொல்ல மிச்சமிருந்தது அண்ணன் ஒருவர்தான். அவரோ அதை என்னிடம்கூட வாய்விட்டு ஒத்துக்கொண்டதில்லை.

கம்பெனி வக்கீல் பதினோரு சான்றிதழையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். "கையெழுத்து உங்களுதா?" "ஆமாங்க." "நல்லா இருக்கேன்னு சொன்னது நீங்கதானே?" "ஆமாங்க." பதினோரு தடவை ஆமாங்க. கடைசியில், "அப்ப பொய் சொன்னது டாக்டரா, நீங்களா?" என்றார். வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

"நாந்தாங்க," என்றார் அண்ணன். "வேல போயிடும்னு." விசாரணை நடத்திய இழப்பீட்டு ஆணையர் கண்ணாடியைக் கழற்றி, "டாக்டர் காதை எப்படிப்பா ஏமாத்த முடியும்?" என்று கேட்டார். "காட்டட்டுங்களா?" என்று தோளைத் தூக்கினார் அண்ணன். கட்டைவிரல் தரையில் அழுந்தியது. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது, சத்தம் மட்டும் இல்லை. ஆணையர், "போதும்பா, விடு," என்றார். விட்டார். அப்புறம் அவராலேயே இருமலை நிறுத்த முடியவில்லை. அண்ணி முதுகைத் தேய்த்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது கம்பெனி வக்கீல். எல்லாம் அடங்கிய பிறகு டைப்பிஸ்ட் பெண் மெதுவாகக் கேட்டாள்:

"சார், 'சாட்சி இருமினார்'னு மட்டும் போடட்டுமா, எவ்ளோ நேரம்னும் போடணுமா?"

தீர்ப்பைப் படித்த நாள்

உத்தரவு நம் பக்கம் வந்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டது. ஓமந்தூர்ப் பக்கம் அவர்கள் ஊருக்கு உத்தரவு நகலோடு போனேன். மெஷின் ஒரு மூலையில் முனகிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாயோடு அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அண்ணி வேகவைத்த மல்லாட்டையை, வேர்க்கடலைதான், முறத்தில் கொட்டி வைத்து, சாப்பிடச் சொல்லி அதட்டினார். வெயில் நன்றாக இருந்தது. எனக்கும் அன்றைக்கு எங்கேயும் ஓட வேண்டும்போல் தோன்றவில்லை.

உத்தரவைச் சத்தமாகப் படித்தேன். "மனுதாரர் கடின வேலை எதையும் இனி நிரந்தரமாகச் செய்ய இயலாதவர்" என்ற இடம் வந்ததும் நாக்கு தயங்கியது. ஃபெயிலாகாத மனுசர், எப்படி எடுத்துக்கொள்வாரோ. "அந்த வரிய மட்டும் இன்னொரு தபா படிங்க," என்றார். படித்தேன். தலையணையில் நன்றாகச் சாய்ந்து, முழு மூச்சு ஒன்றை இழுத்து, இருமி முடித்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப இனிமேட்டு யாரு கேட்டாலும் 'முடியல'ன்னு சொல்லலாம்ல, ரைட்டரே?"

ஒரு மனுசன் தன் வாயால் "முடியல" என்று சொல்ல ஒரு வக்கீலும், ஒரு மருத்துவக் குழுவும், ஓர் ஆணையரும், முழுசாக இரண்டு வருசமும் தேவைப்படும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட பாடம்.