கத்திரி அக்காவின் முன்பல்

தையல் கூடத்தில் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பெயர். நாலு மெஷினுக்கு ஒரு கத்திரி என்று கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், மகா தாராளம். அது எப்போதும் அடுத்தவள் கையில்தான் இருக்கும். கேட்டு வாங்கி வெட்டுவதற்குள் இன்னொரு சட்டைக் கையைத் தைத்துவிடலாம். அதனால் இருபத்தாறு வருஷமாக அவள் நூலைப் பல்லாலேயே கடித்து அறுத்தாள். மேல் முன்பல்லில் நூல் போய்ப் போய்ச் சின்னதாக ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

"அது பல்லா பிளேடாக்கா?" என்று பக்கத்து மெஷின்காரி கேலி செய்வாள். இவளும் ஈ என்று இளித்துக் காட்டுவாள்.

கடைவாயை மட்டும் காட்டமாட்டாள். அங்கே ஏழு பல் காலி. ஏழும் ஒரே மாதிரிதான் போயின. முதலில் கூசும், பொறுத்துக்கொள்வாள். அப்புறம் வலிக்கும், மாத்திரை போடுவாள். கன்னம் வீங்கி, இனி முடியாது என்றான பிறகு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவாள். பல் என்றால் ஒருநாள் போகத்தான் போகும் என்று நினைத்திருந்தாள். போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் அவளிடம் வாய் திறந்து சொன்னதில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதை யார் படித்தார்கள்?

தங்கைக்கு நாற்பத்து நாலு வயதாகிறது, ஒரு பல் குறையவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். அம்மா போய்ச் சேர்ந்தபோது பெரியவள் மூன்றாம் வகுப்பு. சின்னதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, இவள் பள்ளிக்கூடத்துக்குப் போவது நின்றது. சின்னவள் படித்தாள், பட்டம் வாங்கினாள், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வலி இருக்கிறதோ இல்லையோ, வருஷத்துக்கு இரண்டு தடவை பல் டாக்டரிடம் போய் வாயைக் காட்டிவிட்டு வருவாள். வலிக்காத பல்லுக்கு வைத்தியமா என்று பெரியவளுக்குச் சிரிப்பு வரும்.

இந்தத் தடவை வலி அந்த முன்பல்லிலேயே வந்தது. கடைவாயில் மெல்ல வழியில்லாமல் முன்பல்லை வைத்துத்தான் சாப்பாட்டை ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். அதுவும் போனால் கஞ்சிதான். தங்கை பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "வேரைச் சுத்தம் பண்ணி மூடி போட்டுட்டா இன்னும் பல வருஷம் தாங்கும்" என்றார் பெரிய டாக்டர். போன உயிர் திரும்பி வந்தது.

சொன்ன நாளில் தங்கைக்கு வேலையை விட்டு வர முடியவில்லை.

"நீ போய் உக்காருக்கா. பத்தரைக்கு வந்துடறேன். டாக்டர் எழுதின சீட்டு என்கிட்டதான் இருக்கு."

"நான் என்ன பச்சக் குழந்தையா? போய்க்கிறேன் போ."

ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். "படிச்சுப் பாத்து டிக் போடுங்கம்மா. படிக்க வராதுன்னா அந்த மேசைக்குப் போங்க, அவங்க படிச்சுச் சொல்லுவாங்க."

அந்த மேசையில் இருந்த நர்ஸுக்கு வெண்கலத் தொண்டை. "ஒண்ணுமே படிக்கலையா நீங்க?" என்று ஒரு கிழவரிடம் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது. இவள் அந்தப் பக்கமே போகவில்லை.

படிவம் என்றால் அவளிடம் ஒரு வழி இருந்தது. படித்த களையுள்ள ஆளாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அவர் எந்தக் கட்டத்தில் டிக் போடுகிறாரோ, இவளும் அதே கட்டத்தில். பெயர் மட்டும் எழுத வரும். எத்தனையோ இடத்தில் இப்படியே தப்பித்திருக்கிறாள். அன்றைக்கு அகப்பட்டவர் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஆணா பெண்ணா என்ற இடத்தில் படம் போட்டிருந்ததால் அதை மட்டும் உஷாராக மாற்றிப் போட்டாள்.

உள்ளே வேறொரு இளம் டாக்டர் இருந்தார். படிவத்தைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க மேடம்" என்றார். "எல்லாம் படிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க?"

"ஆமாங்க."

"அப்ப நீங்க போட்டிருக்கறபடியே செஞ்சிடலாம்."

"செஞ்சிடுங்க."

ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று அவர் திட்டவில்லை. வாயைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு அது அவ்வளவு இதமாக இருந்தது. எந்தப் பல் என்று கேட்டு, அவள் தொட்டுக் காட்டிய முன்பல்லில் ஊசி போட்டார், உதடு மரத்தது. அப்புறம் அவர் கையில் குறடு வந்தது. ஏழு தடவை பார்த்தவளுக்குக் குறடு தெரியாதா? சுத்தம் பண்ண எதற்குக் குறடு என்று கேட்க நினைத்தாள். மேடம் என்று கூப்பிட்டவரிடம் ஒன்றும் தெரியாதவள்போல் எப்படிக் கேட்பது? கண்ணை மூடிக்கொண்டாள்.

தங்கை பதினோரு மணிக்கு மூச்சு வாங்க வந்தபோது அக்கா வாயில் பஞ்சோடு பெஞ்சில் இருந்தாள். எதிர் பெஞ்சில் மூக்குக்கண்ணாடிக்காரரும் கடைவாயில் பஞ்சோடு இருந்தார். சொத்தைப் பல்லை எடுத்துவிடத்தான் அவர் வந்திருந்தார், மனுஷர் சரியாகத்தான் டிக் போட்டிருக்கிறார்.

தங்கை உள்ளே போய்ச் சத்தம் போட்டாள். படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பல்லை எடுக்கச் சம்மதம்னு நீயே போட்டிருக்கேக்கா. படிப்புங்கற இடத்துல பட்டதாரின்னு போட்டிருக்கே. படிச்சவங்கதானேன்னு யாரும் எதையும் எடுத்துச் சொல்லல."

அப்படியானால் டாக்டர் மேடம் என்றது இவளை இல்லை, படிவத்தில் இருந்த பட்டதாரியை. அவளுக்கு அவமானமாக இருந்தது. பல் போன வலியைவிட அதுதான் பெரிதாக இருந்தது. பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மூணாவதுன்னு போட்டிருந்தா?"

"உக்கார வச்சுச் சொல்லியிருப்பாங்க. இந்தப் பல்லு இருந்திருக்கும்."

"நெஜமாவே பட்டதாரியா இருந்திருந்தா?"

தங்கை படிவத்தை நாலாக மடித்தாள். கண் நிறைந்துவிட்டது. "எல்லாப் பல்லும் இருந்திருக்கும்க்கா."

"உனக்கு இருக்கில்ல" என்றாள் அக்கா.

அவள் அதை ஆறுதலாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் நின்றுபோன இந்த முப்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கைமேல் அவளுக்குக் கோபம் வந்திருந்தது. தங்கைக்கும் அது புரிந்தது.