ஆணியில் தொங்கிய கிட்டார்

ஆல்பினுக்கு வாய் கொஞ்சம் நீளம். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கிளார்க் வேலை பார்த்தவர். அங்கே இருக்கிற இடம் தெரியாது. மாலையில் கிட்டாரைத் தோளில் மாட்டிவிட்டால் ஆளே வேறு. ஆனையூர் சபையின் பாடகர் குழுவில் தொடங்கி மதுரைக் கல்யாண மேடைகள் வரைக்கும், எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு அவர் சொன்னதுதான் சட்டம். எந்தக் கம்பி நல்லது, எவன் வாசிப்பு தேறும், எவன் வாசிப்பு தேறாது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். வந்தால் பொழுது விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

அவருடைய பெருமையெல்லாம் காலடியில் இருந்தது. ஒரு பலகையில் வரிசையாக ஐந்து இரும்புப் பெட்டிகள். பெடல் என்பார்கள். ஒன்றை மிதித்தால் கிட்டாரின் குரல் கரகரக்கும், இன்னொன்றை மிதித்தால் எதிரொலி சேரும். மற்றவர்கள் ஷூ போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்துப் பார்த்து மிதிப்பார்கள். ஆல்பின் பார்ப்பதே இல்லை. அவர் சபையில் செருப்போடு ஆலயத்துக்குள் ஏறும் வழக்கம் கிடையாது. பதினைந்து வயதிலிருந்து வெறுங்காலோடு வாசித்தே பழகியவர். கல்யாண மேடையிலும் ஷூவைக் கழற்றி ஸ்பீக்கருக்குப் பின்னால் வைத்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு, வலதுகால் கட்டைவிரலால் சுவிட்சைத் தடவிக் கண்டுபிடித்து, பாட்டு திரும்புகிற இடத்தில் அழுத்துவார்.

"கம்பிக்குக் கை, பெட்டிக்குக் காலு. ரெண்டையும் ஆண்டவர் சும்மாவா குடுத்தாரு?" என்பார்.

அந்தப் பெட்டிகளுக்கு வைத்தியர் அப்துல் வஹீது. காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஆல்பினைவிடப் பத்து வயது இளையவர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐந்தாறு வாசிப்புக்காரர்கள் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வஹீது உள்ளேயிருந்து ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எட்டு மாதமாகத் தானே செய்தது. பழைய தேக்குக் கதவை அறுத்து உடல் செய்திருந்தார். எதிரொலி, கரகரப்பு எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தன. கம்பிகளுக்குக் கீழே மூன்று குமிழ்கள், அவ்வளவுதான். தனித்தனியாகப் பெடல் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கு ஆகும் என்று நினைத்துச் செய்திருந்தார். முதலில் ஆல்பின் கையில்தான் கொடுத்தார்.

ஆல்பின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஏன் மாப்ள, காலு இல்லாதவனுக்குச் செஞ்சியா?"

கடையே சிரித்தது. வஹீதும் சிரித்தார். கிட்டாரை வாங்கி, மேசைக்கு மேலே ஒரு ஆணியில் மாட்டினார்.

அதோடு அதன் கதை முடிந்தது. "காலு இல்லாதவன் கிட்டார்" என்று ஊருக்குள் பெயரே வந்துவிட்டது. ஒருத்தரும் வாங்கவில்லை. வஹீது இரண்டாவதாக ஒன்று செய்யவும் இல்லை. ஆல்பினோ, தான் சொன்னதை அன்று சாயந்திரமே மறந்துவிட்டார். சொன்னவருக்கு மறக்கத்தானே செய்யும்.

சர்க்கரை வந்தது அதற்கப்புறம்தான். மனைவி ஹெப்சிபா மாத்திரையை எடுத்து நீட்டினால் விழுங்குவார், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. "வீட்டுக்குள்ளயாவது செருப்பு போடுங்க, காலப் பாத்துக்கங்க" என்று அவள் சொல்லாத நாளில்லை. செருப்புப் போட்டால் விரல் மரத்துப்போகும் என்று இவர் பதில் சொல்வார். விரல் ஏற்கெனவே மரத்துக்கொண்டிருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்ததெல்லாம், சுவிட்ச் சரியில்லை என்பதுதான். அழுத்தினால் 'டக்' என்று காலுக்குத் தெரிய வேண்டும், தெரியவில்லை. வஹீதிடம் கொண்டுபோய்ச் சுவிட்சை மாற்றினார். இரண்டு மாதத்தில் மறுபடியும் மாற்றினார். அப்போதும் தெரியாமல் போகவே, சுவிட்சுகளின் மேலிருந்த ரப்பர் மூடிதான் தடுக்கிறது என்று முடிவுகட்டி, ஐந்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். உள்ளே விளிம்பு கூரான இரும்பு. அதை வெறுங்காலால் நாலு ஞாயிறு மிதித்தார்.

ஐந்தாவது வாரம், இன்னும் சரியாகவில்லை என்று திட்டிக்கொண்டே பலகையைக் கடைக்குக் கொண்டுபோனார். வஹீது விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். சுவிட்சைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, சுவிட்சு நல்லாருக்கு. கொஞ்சம் காலத் தூக்குங்க."

"என்னத்துக்குடா?"

"தூக்குங்கண்ணே."

கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். ஆழம் சொல்ல முடியாது. ஆல்பின் அதை ஏதோ அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வலியே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. வஹீது கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். முதலில் விரலை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து, கணுக்காலுக்கு மேலே வைத்து எடுத்தார்கள்.

ஆறு மாதத்தில் செயற்கைக்கால் பொருத்தி நடந்தார். நடை வந்ததும் நேரே பாடகர் குழுவில் போய் நின்றார். பாழாய்ப்போன ஆசை யாரை விட்டது? ஆனால் அந்தக் காலுக்குச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இடது காலால் மிதிக்கலாம் என்றால், செயற்கைக்காலை மட்டும் ஊன்றி நிற்க முடியவில்லை. காணிக்கை எடுக்கும் நேரம், எல்லாரும் தலைகுனிந்திருக்க, மெல்லிய பாட்டு. எதிரொலிக்கு வைத்த கால் பக்கத்துப் பெட்டியில் விழுந்தது. கிட்டார் ஆலயமே அதிர உறுமியது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆல்பின் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டு முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார்.

பெட்டிகள் கட்டிலுக்கடியில் போயின. சாப்பிட்டார், தூங்கினார், ஜன்னலைப் பார்த்தார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த ஹெப்சிபா, "வஹீது தம்பியப் போயிப் பாருங்களேன், எதாச்சும் வழி சொல்லும்" என்றாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?" என்றார் ஆல்பின். ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்துத்தான், கடையில் அன்று வஹீதைக் கேட்ட அந்த வார்த்தை அவருக்கு ஞாபகம் வந்திருந்தது. வந்ததிலிருந்து விடவில்லை. முதல்முறையாக அதை மனைவியிடம் சொன்னார். "அவன் மனசு நொந்திருக்கும். அதான் எனக்கு இப்படி ஆயிருச்சு."

ஹெப்சிபாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாத்திரைய முழுங்காம காலக் கெடுத்தது நீங்க. அதுக்கு ஏன் அந்தத் தம்பி மனசையும் ஆண்டவரையும் இழுக்குறீங்க? சொன்னது தப்புன்னு தெரியுதுல்ல? போயி சொல்லுங்க."

மறுநாள் காலை போனார். வஹீது எழுந்து வந்து நாற்காலி போட்டார். ஆல்பின் உட்கார்ந்ததும் மேலே பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் கிட்டார் தொங்கிய இடத்தில் சுவர் வெளுத்துக் கிடந்தது.

"அது எங்க மாப்ள?"

"எதுண்ணே?"

ஆல்பின் அந்த ஆணியைக் கையால் காட்டினார். "காலு இல்லாதவனுக்குன்னு ஒண்ணு செஞ்சியே. அது."

வஹீது உள்ளே போனார். கைலித் துணியில் சுற்றிய கிட்டாரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். புதுக் கம்பிகள். குமிழ்கள் பழைய இடத்தில் இல்லை. வலதுகைச் சுண்டுவிரல் எட்டுகிற தூரத்துக்கு ஏற்றிப் பொருத்தியிருந்தார். பழைய துளைகளைத் தேக்கு வைத்தே அடைத்திருந்தார். ஒவ்வொரு குமிழிலும் அரத்தால் வெட்டு. ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் மூன்று.

"நீங்க கண்ண மூடிக்கிட்டுத்தானேண்ணே வாசிப்பீங்க. தடவுனா தெரியணும்ல."

"எப்ப செஞ்ச?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவே."

"அப்புறம் ஏன்டா கொண்டாந்து தரல?" ஆல்பின் குரல் உடைந்துவிட்டது.

"நீங்க கேக்காம நான் எப்படிண்ணே அத எடுத்து நீட்டுறது?" என்றார் வஹீது. தலையை நிமிர்த்தவில்லை. "குத்திக் காட்டுற மாதிரி ஆயிராதா?"

ஆல்பின் அந்த இளையவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டீக்கடைப் பையன் கிளாஸை வைத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் போனான்.

இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து பழகினார். சுலபமாக வரவில்லை. பாட்டு திரும்பும்போதெல்லாம் வலது தொடை தானாக எழும்பும், சுண்டுவிரல் பிந்திப்போகும். ஐம்பத்தெட்டு வயதில் காலின் வேலையை விரலுக்குச் சொல்லிக்கொடுப்பது எம்புட்டுக் கஷ்டம் என்று ஹெப்சிபாவிடம் புலம்புவார். புலம்பிவிட்டு மறுபடியும் எடுப்பார்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு ஆலய வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வாழைத்தாரும் பூசணியும் ஏலத்துக்காகக் குவிந்து கிடந்தன. மற்ற சபைகளிலிருந்தும் வாசிப்புக்காரர்கள் வந்திருந்தார்கள். அன்று கடையில் சிரித்தவர்களில் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தார்கள். வஹீதைக் கட்டாயப்படுத்தி வரச் சொல்லியிருந்தார் ஆல்பின். அவர் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார்.

மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ஆல்பின் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"பாட்டுக்கு முன்னாடி ஒரு விசயம். இந்தக் கிட்டாரச் செஞ்சது அந்தா நிக்கிற என் தம்பி அப்துல் வஹீது. பதினோரு வருசத்துக்கு முன்னாடி முதமுதல்ல என் கையிலதான் குடுத்தாரு. நான் வாசிச்சுக்கூடப் பாக்கல. காலு இல்லாதவனுக்குச் செஞ்சியான்னு நாலு பேரு முன்னாடி கேட்டேன். என் வாய நம்பி ஊர்ல ஒருத்தரும் இத வாங்கல."

ஆல்பின் கீழே குனிந்து தன் செயற்கைக்காலைப் பார்த்தார்.

"ஆமா. எனக்குத்தான் செஞ்சிருக்காரு."

கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு வெட்டுள்ள குமிழைச் சுண்டுவிரலால் தேடித் திருப்பினார். பாட்டு ஆரம்பித்தது.