அத்தாயி மலையேறினாள்

1927-ஆம் ஆண்டு முதல் சனிக்கிழமைதோறும் அத்தாயி மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தையில் தன் தம்பிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்து வந்தாள். தம்பி அர்த்தனாரி புளியமரத்தடியில் நின்றால் இவள் கிழக்கே பார்ப்பாள். அவன் கிழக்கே நகர்ந்தால் இவள் மிளகுக் கூடையோடு மேற்கே திரும்பிக்கொள்வாள். அவன் எங்கே நிற்கிறான் என்று முதலில் தேடிப் பார்க்காமல் அவனுக்கு முதுகைக் காட்ட முடியாது. இதைச் சந்தையில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு குடை. மலையை விட்டு அடிவாரத்துக்குக் குடிபோன அர்த்தனாரி, ஒரு மழை நாளில் புதுக் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு சந்தைக்கு வந்தான். மலைக்காரர்களுக்கு மழைக்குச் சாக்குப் போதும். மடித்துத் தலையில் கவிழ்த்தால் கொங்காடை. அத்தாயி கூட்டத்துக்கு நடுவிலிருந்து கூவினாள்: "ஏண்டா சாமி, கொங்காடைக்குள்ள வளந்த தலைக்குக் கொட கேக்குதா? பொடக்காலிக்கு ஒதுங்கறப்பவும் விரிச்சுக்குவியா?"

சந்தையே சிரித்தது. அர்த்தனாரி குடையை மடக்கினான். "இனி உஞ் சாவுக்குக்கூட மலையேற மாட்டேன்" என்றான்.

சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் மறந்துவிட்டார்கள். அத்தாயியால் முடியவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் மலைக்காரர்கள் எந்தப் பெண்ணின் பாடையையும் தூக்கமாட்டார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அந்தத் தம்பி ஒருவன்தான்.

"அவன் வல்லீன்னா என்னைய என்ன பண்ணுவீங்க?" என்று மருமகள் பாப்பாத்தியிடம் கேட்பாள்.

"வந்துருவாருங்க அத்தை."

"வரமாட்டான். நான் வளத்த புள்ளையாச்சே! சொன்னாச் சொன்னதுதான்." பெருமையாகத்தான் சொல்வாள். சொல்லிவிட்டு அடிவாரத்துப் பாதையை ஒருமுறை எட்டிப் பார்ப்பாள்.

 மலைமேல் குண்டனி நாட்டில் அவளுடைய வீடு மூன்று மகன்களும் பேரன் பேத்திகளுமாக நிரம்பிய வீடு. சாமை விதைப்பதும் பலா இறக்குவதும் யாருக்கு யார் பெண் என்பதும் அவள் சொன்னபடிதான். வயதைக் கேட்டால் வலது கையை நீட்டுவாள். "தாது வருசப் பஞ்சத்துல கெழங்கு தோண்டுன கையி இது. நீயே கணக்குப் போட்டுக்க." அதன் சுட்டுவிரல் கொக்கிபோல் வளைந்து போயிருக்கும். அந்த விரலால் அவள் யாரைச் சுட்டித் திட்டினாலும் பக்கத்தில் நிற்பவர்தான் பதறிப்போவார்.

கோபித்துக்கொண்டவர்களின் பெயரைக் கோழிகளுக்கு வைப்பது அவளுக்கு இன்னொரு வழக்கம். பாதைத் தகராறு செய்த பக்கத்துக் காட்டுக்காரர் பெயரில் ஒரு பெட்டை இருந்தது. பேத்தியைப் பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாத வீட்டார் பெயரில் இரண்டு குஞ்சுகள் மேய்ந்தன. சமாதானம் ஆன அன்று அந்தக் கோழி குழம்பாகிவிடும். அர்த்தனாரி என்ற பெயரோடு கூரைமேல் கூவிக்கொண்டிருந்தது மூன்றாவது சேவல். முதல் இரண்டும் வயதாகித்தான் செத்தன.

போன ஐப்பசியில் அத்தாயிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. யார் தடுத்தும் கேளாமல், சந்தை இல்லாத நாளில், அவளே மலையிறங்கினாள். மலைக்காரர்களிடம் மிளகு வாங்கும் அப்துல் அலீம் பாய் கடையில் கொயினா மாத்திரை வாங்கிக்கொண்டு உடனே திரும்பினாள். 'உங்கக்கா கடை வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றார்' என்று யாரோ போய் அர்த்தனாரியிடம் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தானே போகவும் மானம் விடவில்லை. மனைவி பொன்னம்மாளை அனுப்பினான்.

அன்றைக்கு அலீம் பாய்க்குக் கடைவாய்ப் பல்வலி. கன்னத்தைக் கையில் தாங்கி, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார்.

"எங்க நாத்தனாரு எங்கீங்க பாய்?"

"அக்காங்களா?" பாய் வலியோடு மூச்சை இழுத்தார். "அக்கா மலையேறிட்டாங்களேம்மா!"

மலைக்காரர்களுக்கு மலையேறுவது என்றால் வீட்டுக்குப் போவது. பொன்னம்மாள் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரிந்து மலையேறுவது இரண்டுதான்: அணைந்த விளக்கு, ஆடி முடித்த சாமி. பாயின் கண்ணீரைப் பார்த்தாள். அதே இடத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"உங்கக்கா மலையேறிட்டாங்களாமா!" என்று அவள் அலறிக்கொண்டு வந்தபோது, மலையிலேயே பிறந்த அர்த்தனாரிக்குக்கூட அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருப்பது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் இருவரும் நனைந்தபடி குண்டனி நாட்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். எல்லோரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். கோரைப்பாயில், தலை முதல் கால் வரை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அத்தாயி காய்ச்சல் இறங்க வியர்வை பிடித்துப் படுத்திருந்தாள்.

"பொன்னுத் தட்டுல சோறு தின்ன எங்கக்கா!" பொன்னம்மாள் தலையை விரித்துப்போட்டு ஆரம்பித்தாள். "பூ மெத்தையில படுத்தெந்திரிச்ச எங்கக்கா!"

கம்பளிக்குள் அத்தாயி ஒரு கண்ணைத் திறந்தாள். எந்தத் தட்டு? எந்த மெத்தை? எழுந்து கேட்டிருப்பாள். அதற்குள் இன்னொரு ஆள் விம்முவது காதில் விழுந்தது. பத்து வருஷம் முதுகால் கேட்ட குரல். அத்தாயி அசையவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். கோடி கொண்டு வந்திருக்கிறானா, வெறுங்கையோடு வந்திருக்கிறானா?

பன்னிரண்டு பிள்ளை பெற்றாள் என்று பொன்னம்மாள் பாடியதைப் பொறுத்துக்கொண்டாள். ஒருவரையும் கடிந்து பேசாதவள் என்றதையும் பொறுத்துக்கொண்டாள். அதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அப்புறம் கால்மாட்டில் எதுவோ மெத்தென்று விழுந்தது. மொடமொடப்பான புதுத்துணி.

"அக்கா!" அர்த்தனாரி அவள் காலைக் கட்டிக்கொண்டான். "ஆத்தா இல்லாத என்னையப் பஞ்சத்துலயும் பாலுஞ்சோறும் ஊட்டி வளத்தியேக்கா!"

"பாலுஞ்சோறுமா?" கம்பளி எழுந்து உட்கார்ந்தது. "பஞ்சத்துல பாலுக்கு எங்கடா போவேன்? கெழங்குடா! காட்டுக் கெழங்கு! நோண்டி நோண்டி இந்த வெரலு போச்சு. பாலாம், சோறாம்!"

பொன்னம்மாள் வாசலைத் தாண்டி, களத்தையும் தாண்டி ஓடினாள். அர்த்தனாரி ஓடவில்லை. பிடித்த காலையும் விடவில்லை. வாயைத் திறந்தபடி அக்காளைப் பார்த்தான். அவன் தலையிலிருந்து தண்ணீர் பாயில் சொட்டியது.

அத்தாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கொட எங்கடா?"

அர்த்தனாரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "மறந்துட்டேங்க்கா."

அத்தாயி சேலையை எடுத்துக் கரையை நகத்தால் சுரண்டினாள்.  "பொணத்துக்குத்தானேன்னு சாயம் போறதாப் பாத்து எடுத்தியா?"

"இல்லீக்கா. கடையிலயே ஒசந்த சேல."

"தொவச்சாத் தெரியும்."

அலறல் கேட்டுப் பாப்பாத்தி காட்டிலிருந்து ஓடி வந்தாள். பொன்னம்மாள் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாப்பாத்தி" என்றாள் அத்தாயி, "அர்த்தனாரியப் புடிச்சு அறு. கொழம்பு வெய்யி."

அர்த்தனாரி காலை விட்டுவிட்டு எழுந்தான். பொன்னம்மாள் மறுபடியும் நெஞ்சில் கை வைத்தாள்.

"நீயில்லடா கண்ணு. கூரை மேல நிக்கறானே, அவன்."

பாப்பாத்தி மாமியாரை ஒருமுறை பார்த்தாள்.  முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தி எடுக்கப் போனாள். சேவல் கிழட்டுச் சேவல். வேக வெகுநேரம் பிடித்தது. அத்தாயி அதற்குள் பொன்னம்மாளை எதிரே உட்காரவைத்து ஒப்பாரியை முதலிலிருந்து திருத்தினாள். தட்டுக்குப் பதில் மந்தார இலை, மெத்தைக்குப் பதில் கோரைப்பாய். பிள்ளைகள் மூன்று. கடிந்து பேசாதவள் என்ற வரியை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள்.

அவர்கள் கிளம்பும்போது மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அத்தாயி ஒரு சாக்கை மடித்துத் தம்பியின் தலையில் கவிழ்த்தாள். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் பாப்பாத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "கோடிச் சேலைங்க அத்தை. ஊட்டுக்குள்ள வெச்சுக்கலாமுங்களா? ஆத்துல உட்டுரலாமுங்க."

"எந் தம்பி எடுத்த சேல. ஆத்துக்கு எதுக்குடி குடுக்கோணும்?"

சனிக்கிழமை விடிந்ததும் அத்தாயி அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு இறங்கினாள்.