சாம்பிராணி போட்ட வீடு

பிள்ளை வளர்ப்பில் தன்னை யாரும் குறைசொல்ல முடியாது என்பது சிவமலரின் எண்ணம். அப்படி எண்ண அவளுக்கு உரிமையும் இருந்தது. ஜேர்மனியின் ஹம் நகரத்து முதியோர் இல்லமொன்றில் வருடக்கணக்காக ஆரோ பெற்றவர்களைக் கழுவித் துடைத்து, கிரீம் பூசி, விரிப்பு மாற்றிய கை அது. கலியாணமாகிக் கனகாலம் காத்திருந்து அந்தக் கைக்குக் கிடைத்த பிள்ளை சேயோன். சும்மா விடுவாளா?

பிள்ளைக்கு மூக்கடைப்பு. பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்த கையோடு தொடங்கியது, விட்டபாடில்லை. பால் குடிக்கத் தொடங்கி நாலு இழுவை இழுத்ததும் வாயை எடுத்து மூச்சுக்கு ஏங்கும். பசியில் அழும், அழ அழச் சளி இன்னும் கட்டும். நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கிடப்பதுபோலச் சத்தம். குழந்தை மருத்துவர் உப்புநீர்ச் சொட்டு மருந்தும் சளி உறிஞ்சுகிற குழாயும் எழுதித் தந்து, அறைக்கு நல்ல காற்று விடச் சொன்னார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறீர்களா என்றும் கேட்டார். புருஷன் மதீசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இல்லை என்றான். அது உண்மை. கம்பித் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் வேலை செய்கிறவன், அங்கே எல்லோரும் வெளியே போய் ஊதும்போதுகூட உள்ளே இருந்து தேத்தண்ணி குடிக்கிறவன்.

காற்று விடுவதாம். நல்ல கதை. மார்கழிக் குளிரில் ஜன்னலைத் திறந்து சளிப்பிள்ளையைக் கிடத்த இந்த ஜேர்மன்காரருக்குத்தான் மனம் வரும். சிவமலர் ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்தாள். பிறகு தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தொடங்கினாள். முழுகவார்த்த பிள்ளையின் தலையீரம் போகவேண்டும், இல்லாவிட்டால் நீர் கோத்துவிடும். அதற்குச் சாம்பிராணியை விட்டால் வேறென்ன? ஹூக்கா பிடிக்கிறவர்களுக்கு விற்கிற கரிவில்லையைப் பற்றவைத்துச் சட்டியில் போட்டு, மேலே தூளைத் தூவி, கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையை அந்தப் புகையில் முன்னும் பின்னுமாகக் காட்டுவாள். முதல்நாள், புகை வந்தால் கத்துகிற கருவி முகட்டிலிருந்து வீடதிரக் கத்தியது. பிள்ளை திடுக்கிட்டு அலறியது. சனியன் என்று திட்டியபடி கதிரையில் ஏறி அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டாள். அந்த வீட்டில் விஷயம் விளங்கியது அது ஒன்றுக்குத்தான். அதன் வாயையும் அடைத்தாயிற்று.

தை மாதம் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. விலா எலும்பு தெரிய நெஞ்சு உள்ளே போய் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். ஒரு கிழமைக்குள் சேயோன் முகம்பார்த்துச் சிரித்தான், வயிறு நிறையக் குடித்தான். மூக்கு அப்படியொரு சுத்தம். வீட்டுக்கு வந்து ஆறியிருக்கவில்லை, பழையபடி பூனைக்குட்டி. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி சுகம், மறுபடி வீடு, மறுபடி இழுப்பு.

ஆஸ்பத்திரியில் சுகமாகிற பிள்ளைக்கு வீட்டில் இழுக்கிறதென்றால் வீட்டில் என்னவோ இருக்கிறது. அதைச் சிவமலர் தானே கண்டுபிடித்தாள். சரியாகத்தான் கண்டுபிடித்தாள், பாவி. ஆனால் அவள் கண்டது கண்ணூறு. எத்தனை சனம் வந்து பார்த்துவிட்டுப் போன பிள்ளை, எந்தக் கண் எப்படியோ. மதீசனின் அக்கா பிறேமாவும் அதைத்தான் சொன்னாள். டுசல்டோர்ஃபிலிருந்து வரும்போது நல்ல கட்டிச் சாம்பிராணியும் காய்ந்த வேப்பிலையும் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு காலையிலும் புகை, பின்னேரத்திலும் புகை. பிள்ளை இருமினால் இன்னும் ஒரு பிடி.

பங்குனியில் ஒரு காலை, முழுகவார்த்து, புகை காட்டி, சட்டை போடும்போது பிள்ளையின் உதடு நீலமாகிப் போனது. அழவும் மூச்சில்லை. அம்புலன்ஸில் வந்தவர்கள் அந்தச் சின்ன முகத்தில் மாஸ்க்கை அமர்த்திப் பிடித்தபடியே படியிறங்கி ஓடினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் விட்டு மெசின் அவனுக்காக மூச்சு விட்டது. பெரிய டொக்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார், வீட்டில் சிகரெட் உண்டா என்று. மதீசனுக்குக் கோபம் வந்தது. எத்தனை தரம் இல்லை என்று சொல்வது?

பிள்ளையை மெசினிலிருந்து எடுத்த அன்று, ஒரு தாதி அவனுடைய வீட்டுப் போர்வையை மடிக்கும்போது மூக்கருகே கொண்டுபோனாள். தேவாலயத்தில் நத்தார் பூசைக்குப் போன மாதிரி வாசமடிக்கிறதே, என்ன போடுகிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டாள். சிவமலருக்கு அந்த இடத்திலும் ஒரு சின்னப் பெருமை. கரிவில்லை, சட்டி, சாம்பிராணி, சாத்திய கதவு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். தாதியின் கை நின்றுவிட்டது. எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும், இரண்டு வேளை என்று சொல்லி முடிக்கும்போதே சிவமலருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒட்சிசன் குழாயோடு கிடக்கிற கிழவர்களின் தலையணைக்கடியில் சிகரெட் தேடிப் பறிக்கிறவள் அவள். புகை என்ன செய்யும் என்று அவளுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் சாம்பிராணியை அவள் ஒருநாளும் புகை என்று நினைத்ததில்லை.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கிருமியும் இருந்தது, ஆனால் நுரையீரலைத் தேற விடாமல் வைத்திருந்தது புகைதான் என்றார். இனிமேல் சாதாரண சளித் தடிமன்கூட இவனுக்கு ஆபத்து, வீட்டில் துளிப் புகையும் ஆகாது என்றார். மதீசன் அந்நேரம் வேலையில். பின்னேரம் வந்தவனிடம் கிருமி என்று மட்டும் சொன்னாள். வேறெப்படிச் சொல்வது? பிள்ளையில்லை என்று அத்தனை வருடம் கதை கட்டிய சனம், இப்போது கிடைத்த பிள்ளையைத் தாயே என்று தொடங்கினால்? அந்த வசனத்தை மனதுக்குள்கூட அவளால் முடிக்க இயலவில்லை. சட்டியைக் குப்பையில் போட்டாள். கருவியைத் திரும்பப் பூட்டினாள். சுவர், திரைச்சீலை, தொட்டில் எல்லாம் கை எரிய எரியக் கழுவினாள். மதீசன் கேட்டதற்கு டொக்டர் துப்புரவாக வைத்திருக்கச் சொன்னார் என்றாள்.

சித்திரையில் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். மதீசன் பைகளை எடுத்துக்கொண்டு பின்னால் வர, சிவமலர் பிள்ளையோடு முன்னால் படியேறினாள். பாதிப் படியிலேயே வாசம் வந்தது. தன் சட்டையில்தான் இன்னும் இருக்கிறதாக்கும் என்று நினைத்தாள்.

கதவைத் திறந்தது பிறேமா. தம்பியிடம் வீட்டுத் திறப்பு வாங்கி விடியவே வந்து, சமைத்து, ஜன்னலெல்லாம் பூட்டி, கருவியைக் கழற்றித் துவாயில் சுற்றி மேசையில் வைத்திருந்தாள். கையில் புகைகிற சட்டி. கண்ணெல்லாம் சிரிப்பு.

"வா மலர். என்ர குஞ்சுக்கு இனி ஒருத்தற்ற கண்ணும் படாது," என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சட்டியைச் சுற்றினாள்.

சேயோன் இருமினான். சிவமலர் அவனைத் தன் சட்டைக்குள் பொத்திக்கொண்டு திரும்பிப் படியிறங்கினாள். கீழே இருந்து வந்த மதீசன் வழியை மறித்து, என்னடி நடந்தது, ஏன் இறங்குறாய் என்று கேட்டான்.

"புகையாலதான் பிள்ளைக்கு வந்தது. டொக்டர் சொன்னவர். நான்தான் போட்டனான், ஒவ்வொரு நாளும் நான்தான் போட்டனான்."

மேலே பிறேமா சட்டியோடு அப்படியே நின்றாள். இவளுக்கென்ன விசரா, எங்கட பிள்ளையளுக்கெல்லாம் போட்டதுதானே என்று கேட்டாள், பிறகு குரல் தணிந்து போனது.

மதீசன் பைகளைக் கீழே வைத்தான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

சிவமலர் பிள்ளையை இன்னும் உள்ளே பொத்திக்கொண்டாள். பிறேமாவிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூன்று பேரும் படியில் நிற்க, பிள்ளையின் நெஞ்சுக்குள் அந்தப் பழைய சத்தம் மெல்லத் தொடங்கியது.